விக்டோரியர்களிடம் ஹிம்மல்ஃபார்ப் தேடியது

அமெரிக்க வரலாற்றாசிரியர் கெர்ட்ரூட் ஹிம்மல்ஃபார்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அவரைப் பழமைவாதி என்று எல்லோரும் சொல்கிறார்களே, அவருடைய வரலாற்று நூல்கள் அந்த அரசியலுக்கு வக்காலத்து வாங்குபவைதானா, அதைத் தாண்டி அவருக்கென்று ஓர் அறிவுலகம் இருந்ததா என்பது உங்கள் கேள்வி. இருந்தது என்பதே என் பதில். அவருடைய அரசியல் முடிவுகளில் பலவற்றை நான் ஏற்பதில்லை. இருந்தும் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சிந்தனையைப் பற்றி எழுதியவர்களில் நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்பது அவரைத்தான். அதற்கான காரணத்தைச் சொன்னால் உங்கள் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

ஒரு காட்சியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஹிம்மல்ஃபார்ப் தாமே விரும்பி நினைவுகூர்ந்த காட்சி அது. 1873ஆம் ஆண்டு மே மாதம், மழை தூறிய ஒரு மாலை. கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரித் தோட்டத்தில் நாவலாசிரியை ஜார்ஜ் எலியட், மையர்ஸ் என்னும் இளம் அறிஞரோடு நடந்துகொண்டிருக்கிறார். மனிதர்களை எழுச்சிகொள்ளச் செய்துவந்த மூன்று சொற்களைப் பற்றிப் பேச்சு வருகிறது: கடவுள், அழியா வாழ்வு, கடமை. முதலாவது நம் எண்ணத்துக்கே எட்டாதது, இரண்டாவது நம்ப இயலாதது, மூன்றாவதோ எள்ளளவும் மீற முடியாதது என்கிறார் எலியட். கடவுளும் மறுமையும் கைவிட்டுப் போன பிறகு கடமை மட்டும் முன்னைவிட இறுக்கமாக நிற்கிறது. ஏறக்குறைய அதே காலத்தில் லெஸ்லி ஸ்டீஃபன் என்ற அறிஞர், பாதிரியார் பட்டத்தைத் துறந்தவர், இப்போது தமக்கு எதிலும் நம்பிக்கை இல்லை, ஆனால் அறத்தில் உள்ள நம்பிக்கை மட்டும் சற்றும் குறையவில்லை என்று எழுதினார். இது எப்படிச் சாத்தியமாயிற்று, எத்தனை தலைமுறைக்குத் தாங்கும் என்பதுதான் ஹிம்மல்ஃபார்ப் வாழ்நாள் முழுவதும் சுமந்த கேள்வி. நம்பிக்கை தளர்ந்த ஒரு சமூகத்தில் அறம் எதன்மேல் நிற்கும் என்ற சிக்கலை முதலில் முழுமையாக எதிர்கொண்டவர்கள் விக்டோரியா அரசியின் காலத்தவர்கள் என்பதால்தான் அவர் அவர்களிடம் போனார். அவருடைய பழமைவாதம் இந்தக் கேள்விக்கு அவர் கண்ட விடையிலிருந்து பிறந்தது; அரசியல் முதலில் வந்து வரலாறு பின்னால் வரவில்லை.

அவர் 1922இல் நியூயார்க்கின் புரூக்ளினில், ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தார். இளமையில் அவர் ரஷ்யப் புரட்சியாளர் டிராட்ஸ்கியைப் பின்பற்றிய இடதுசாரி. கணவரான இர்விங் கிறிஸ்டலைச் சந்தித்ததே அப்படியொரு இயக்கக் கூட்டத்தில்தான். 1942இல் திருமணம் நடந்தபோது அவருக்கு வயது 19. அதே ஆண்டு புரூக்ளின் கல்லூரியில் பட்டம் பெற்றார். கல்லூரிப் படிப்போடு யூத இறையியல் கல்விக்கூடம் ஒன்றிலும் பயின்றுவந்தார். பிறகு சிகாகோ பல்கலைக்கழகம். முதலில் அவர் கையில் எடுத்தது பிரெஞ்சுப் புரட்சியும் ரோபெஸ்பியரும் என்பது கவனிக்கத்தக்கது. அறத்தின் பெயராலேயே கில்லட்டின் என்னும் தலைவெட்டும் பொறியை இயக்கிய மனிதரைப் படித்துவிட்டுத்தான் அவர் ஆங்கிலேயர்களிடம் வந்து சேர்ந்தார்.

இடதுசாரி நம்பிக்கையிலிருந்து அவரை மெல்ல விலக்கியதில் லயனல் டிரில்லிங் என்ற இலக்கிய விமரிசகருக்குப் பெரும் பங்கு உண்டு. முற்போக்குச் சிந்தனை மனித மனத்தை மிகவும் தட்டையாகப் பார்க்கிறது, அதில் உள்ள முரணையும் தீமையையும் துயரத்தையும் காண மறுக்கிறது என்பது டிரில்லிங்கின் குறை. ‘அறக் கற்பனை’ என்ற தொடரும் அந்த வழியில் ஹிம்மல்ஃபார்ப்பிடம் வந்தது. பிரிட்டிஷ் அரசியல் சிந்தனையாளர் எட்மண்ட் பர்க் 1790இல் எழுதிய தொடர் அது. மனிதனை அவனுடைய அம்மணமான தேவைகளாக மட்டும் பார்க்காமல், மரபும் மரியாதையும் கடமையும் போர்த்திய உயிராகக் காணும் ஆற்றலையே பர்க் அப்படிக் குறித்தார். ஹிம்மல்ஃபார்ப் தம் நூல்களின் தலைப்பிலேயே அதைப் பயன்படுத்தினார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், 19ஆம் நூற்றாண்டு ஆங்கில வரலாற்றாசிரியரான ஆக்டன் பிரபுவைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வுக்காகக் கணவரோடு கேம்பிரிட்ஜ் சென்றார். ஆக்டன் பல்லாயிரம் புத்தகங்களைச் சேர்த்தவர். சுதந்திரத்தின் வரலாற்றை எழுதப்போவதாக வாழ்நாளெல்லாம் சொல்லி, பெட்டி பெட்டியாகக் குறிப்புச் சீட்டுகளை நிரப்பி, அந்த நூலை எழுதாமலே மறைந்தவர். அந்தச் சீட்டுகளைப் புரட்டித்தான் ஹிம்மல்ஃபார்ப் 1952இல் தம் முதல் நூலை வெளியிட்டார். அதிகாரம் கெடுக்கும் தன்மையது, முழு அதிகாரம் முழுமையாகக் கெடுக்கும் என்ற ஆக்டனின் வாக்கியத்தைத் தமிழிலும் மேடைக்கு மேடை கேட்கிறோம். அது 1887இல் மாண்டெல் கிரைட்டன் என்ற திருச்சபை வரலாற்றாசிரியருக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது என்பதையும், அங்கே ஆக்டன் எழுப்பும் வழக்கு ஆட்சியாளர்களைப் பற்றியது மட்டுமன்று, அவர்களைப் பற்றி எழுதும் வரலாற்றாசிரியரைப் பற்றியதும்தான் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. அந்தக் காலத்து வழக்கம் அப்படி என்று சொல்லிப் போப்பாண்டவர்களின் கொலைக்கும் கொடுமைக்கும் சலுகை தரக் கூடாது, பதவி உயர உயரத் தீர்ப்பும் கடுமையாக வேண்டும் என்றார் ஆக்டன். வரலாறு எழுதுபவர் அறத்தீர்ப்பிலிருந்து தப்பித்துக்கொள்ள முடியாது என்ற பாடத்தை ஹிம்மல்ஃபார்ப் இங்கே கற்றார். பின்னால் எத்தனையோ கருத்துகளை மாற்றிக்கொண்டவர் இதை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

கருத்தை மாற்றிக்கொண்டதற்கு அவரே வைத்த சான்று பர்க். 1949இல் பர்க்கைக் கடுமையாகக் குறைகூறி ஒரு கட்டுரை எழுதினார். பல ஆண்டுகள் கழித்து அதே பர்க்கைப் பெரும் சிந்தனையாளராக மதித்து இன்னொன்று எழுதினார். 1968இல் விக்டோரியச் சிந்தனையாளர்களைப் பற்றிய கட்டுரைத் தொகுப்பை வெளியிட்டபோது, பழையதை மறைத்துவிடாமல் இரண்டையும் அடுத்தடுத்து அச்சிட்டார். தம் பழைய கட்டுரையைத் தாமே மறுக்கும் கட்டுரையின் பக்கத்தில் நிறுத்துவதற்கு ஒரு துணிவு வேண்டும்.

அந்தத் தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது ஆங்கிலத் தத்துவஞானி ஜெரமி பெந்தம் பற்றிய கட்டுரை. பெந்தமின் சிறைத் திட்டம் வட்ட வடிவக் கட்டடம். நடுவே காவல் கோபுரம். சுற்றிலும் உள்ள அறைகளில் கைதிகள். தாம் எப்போது கண்காணிக்கப்படுகிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. இதை விளக்கிப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் ஃபூக்கோ 1975இல் எழுதியதை நம் வாசகர்கள் பலர் அறிவார்கள். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே ஹிம்மல்ஃபார்ப் இந்தத் திட்டத்தின் மூல ஏடுகளை வரிவரியாகப் படித்துவிட்டார். பெந்தமைச் சீர்திருத்தக்காரராகப் போற்றிய வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் பின்னிணைப்புகள் வரை போகவில்லை என்று காட்டினார். சிறை தனியாருக்குக் குத்தகைக்கு விடப்படும், கைதிகளின் உழைப்பில் வரும் லாபம் குத்தகைதாரருக்கு, அந்தக் குத்தகைதாரர் வேறு யாருமல்லர், பெந்தமேதான். திட்டம் கைவிடப்பட்டபோது 1813இல் அரசு அவருக்கு 23,000 பவுன் இழப்பீடு தந்தது. ஏழைகளுக்காகப் பெந்தம் தீட்டிய இன்னொரு திட்டத்தையும் ஹிம்மல்ஃபார்ப் இதே கவனத்தோடு பிரித்துவைத்தார்: நாடெங்கும் 250 தொழில் விடுதிகள், ஒவ்வொன்றிலும் 2,000 பேர், மொத்தம் 5 லட்சம் ஏழைகள், நடத்துவது ஒரு பங்கு நிறுவனம். அதற்குப் பெந்தம் முன்மாதிரியாகக் கொண்டது கிழக்கிந்தியக் கம்பெனியை. அதன் ஆட்சியை அனுபவித்த மண்ணிலிருந்து படிக்கும் நமக்கு இந்த ஒப்புமை உறுத்தாமல் போகாது.

இதைச் சற்று விரிவாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பழமைவாதி என்றதும் சந்தையையும் லாபத்தையும் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிப்பவர் என்று நினைத்துவிடுகிறோம். ஏழையின் உழைப்பைக் கணக்குப் புத்தகத்தில் ஏற்றும் பகுத்தறிவைக் கண்டு கூசிப்போனவர் இவர். 1834ஆம் ஆண்டின் புதிய ஏழையர் சட்டத்தைப் பற்றி எழுதும்போதும் அந்தக் கூச்சம் தெரிகிறது.

அடுத்து ஆங்கிலத் தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில். ‘சுதந்திரம் குறித்து’ என்னும் மில்லின் நூல் 1859இல் வந்தது. பிறருக்குத் தீங்கு வந்தாலன்றி ஒருவரின் செயலில் சமூகம் குறுக்கிடக் கூடாது என்ற ஒரே எளிய விதியை அது நிலைநாட்ட முயல்கிறது. 1974இல் ஹிம்மல்ஃபார்ப் எழுதிய நூலின் வாதம், மில் ஒருவரல்லர், இருவர் என்பது. பெந்தமையும் கவிஞர் கோல்ரிட்ஜையும் பற்றி 1838, 1840 ஆண்டுகளில் எழுதிய மில், சமூகத்தைக் கட்டிக்காக்கும் பொது நம்பிக்கை, கல்வி, ஒழுக்கம் ஆகியவற்றின் அருமையை உணர்ந்தவர். 1859இன் மில் எல்லாவற்றையும் ஒரே விதியில் அடக்கியவர். இந்த மாற்றத்துக்கு மனைவி ஹேரியட் டெய்லரின் செல்வாக்கே முதன்மைக் காரணம் என்று அவர் சொன்னது பலத்த எதிர்ப்புக்கு உள்ளாயிற்று. என் பார்வையில் இரண்டு மில்கள் உண்டு என்பது வலுவான கண்டுபிடிப்பு. அதற்கு ஹேரியட்டைக் காரணமாக்கியது அந்தக் கண்டுபிடிப்புக்குத் தேவைப்படாத சுமை. மில் தம் சொந்த வழியிலேயே முரண்பட்டிருக்கக் கூடியவர்தான்.

அவருடைய மிகச் சிறந்த பணி வறுமையைப் பற்றிய இரண்டு பெரிய நூல்கள். முதலாவது 1984இலும் இரண்டாவது 1991இலும் வெளிவந்தன. ஏழைகளின் வரலாறு என்று சொல்லாமல் வறுமை என்னும் கருத்தின் வரலாறு என்று அவர் சொன்னதில்தான் எல்லாம் இருக்கிறது. வறுமை எப்போதும் இருந்தது. ஆனால் அது எப்போது, எப்படி, யாருடைய மனத்தில் ஒரு ‘சமூகச் சிக்கல்’ ஆயிற்று? 18ஆம் நூற்றாண்டுப் பொருளியலாளர் ஆடம் ஸ்மித் உழைப்பாளியின் கூலி உயர்வதை நாட்டின் நலமாகவே கண்டார். ஒரு தலைமுறைக்குள் மால்தஸ் வந்து, மக்கள்தொகை உணவை முந்திப் பெருகும், பசி இயற்கையின் விதி என்றார். உழைத்து வாழும் ஏழை, பிறரை அண்டி வாழும் பரதேசி ஆகிய இரு வகையினரையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பியதால் நேர்ந்த துன்பத்தை ஹிம்மல்ஃபார்ப் ஆவணம் ஆவணமாகக் காட்டுகிறார். 1834ஆம் ஆண்டுச் சட்டம் அந்த இருவரையும் பிரிக்கவே வந்தது. உடல்வலு உள்ளவருக்கு உதவி வேண்டுமென்றால் ஏழையர் விடுதிக்குள் வர வேண்டும், அங்கே உள்ள நிலை வெளியே உழைக்கும் கடைநிலைத் தொழிலாளியின் நிலையைவிடத் தாழ்வாகவே இருக்க வேண்டும் என்றது. பிரிக்க வந்த சட்டம், விடுதியின் களங்கத்தை எல்லா ஏழைகளின் மேலும் பூசிவிட்டது.

இரண்டாவது நூலின் நாயகர் சார்லஸ் பூத். லிவர்பூல் கப்பல் முதலாளியான அவர், லண்டன் மக்களின் வாழ்வையும் உழைப்பையும் பற்றித் தம் சொந்தச் செலவில் ஆய்வு நடத்தினார். அது கடைசியில் 17 தொகுதிகளாக வளர்ந்தது. அதன் வரைபடங்களைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். தெருத் தெருவாக வண்ணம் தீட்டப்பட்டிருக்கும். குற்றத்தை ஒட்டி வாழும் கடைநிலைக்குக் கருப்பு, நிரந்தரப் பஞ்சத்துக்குக் கருநீலம், ஏழைகளுக்கு வெளிர்நீலம், வறுமையும் வசதியும் கலந்த தெருவுக்கு ஊதா, ஓரளவு வசதிக்கு இளஞ்சிவப்பு, நடுத்தர வர்க்கத்துக்குச் சிவப்பு, செல்வந்தருக்கு மஞ்சள். லண்டன் மக்களில் 30.7 விழுக்காட்டினர் வறுமையில் இருப்பதாக அவர் கண்டார். எல்லோரும் இந்த எண்ணைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். ஹிம்மல்ஃபார்ப் அதற்குள்ளே போகிறார். வாரம் 18 முதல் 21 ஷில்லிங் வரை வருமானம் வந்து, போராடி, ஆனால் மானத்தோடு குடும்பம் நடத்துபவரைப் பூத் ‘ஏழை’ என்றார்; அதற்கும் கீழே இருந்தவர்களை ‘மிகவும் ஏழை’ என்றார். வெளிப்பார்வைக்கு லண்டனின் கிழக்குப் பகுதி முழுதும் ஒரே இருட்டாகத் தெரிந்தபோது, கருப்பு வண்ணத்துக்கு உரியவர்கள் லண்டன் மக்கள் மொத்தத்தில் 1 விழுக்காடுகூட இல்லை என்று பூத் காட்டினார். வகை பிரிப்பது கொடுமை என்று இன்று தோன்றலாம். ஆனால் எல்லோரையும் ஒரே சேறாகப் பார்த்த அச்சத்திலிருந்து ஏழைகளை மீட்டது அந்த வகைப்பாடுதான் என்பது ஹிம்மல்ஃபார்பின் வாதம். முதியோருக்கு அரசு ஓய்வூதியம் வேண்டும் என்று பூத் வாதாடினார். 1908இல் அதற்கான சட்டம் வந்தது.

1869இல் தோன்றிய கொடை ஒழுங்கமைப்புச் சங்கம், படித்தவர்கள் ஏழைகளிடையே தங்கித் தொண்டு செய்வதற்காக 1884இல் கிழக்கு லண்டனில் தொடங்கிய டாயின்பீ மன்றம், ஏழைகளுக்கு வீடு நிர்வகித்த ஆக்டேவியா ஹில் என்று அந்த நூல் நீள்கிறது. இவர்களுடைய இரக்கத்தில் ஹிம்மல்ஃபார்ப் மதித்தது அதன் கண்டிப்பை. இரங்குபவர் தம் மனம் குளிர்வதற்காக இரங்குகிறாரா, இரங்கப்படுபவருக்கு உண்மையில் நன்மை நேர்கிறதா என்று கணக்குப் பார்க்கும் இரக்கம் அது. நாம் பிச்சையிடுவது, பாத்திரம் அறிந்து இடுவது என்று இரண்டாகச் சொல்கிறோமே, அந்த வேறுபாட்டுக்கு மிக அருகில் உள்ள எண்ணம்.

இந்த இடத்தில்தான் அவருடைய பழமைவாதத்தின் ஆணிவேர் தெரிகிறது. அவர் அடிக்கடி திரும்பிச் செல்லும் ஒரு பகுதி ஆடம் ஸ்மித்தின் 1776ஆம் ஆண்டு நூலில் இருக்கிறது. ஒவ்வொரு சமூகத்திலும் இரண்டு ஒழுக்க முறைகள் உண்டு, ஒன்று கண்டிப்பானது, மற்றொன்று தளர்வானது. முதலாவது எளிய மக்களுடையது, இரண்டாவது நாகரிகப் பெருமக்களுடையது என்கிறார் ஸ்மித். பணக்காரன் பல ஆண்டுகள் ஊதாரியாகத் திரிந்தாலும் பிழைத்துக்கொள்வான். ஏழைத் தொழிலாளியை ஒரே வாரத்துக் களியாட்டம் நிரந்தரமாகக் கவிழ்த்துவிடும். ஆகவே சிக்கனமும் நிதானமும் மேல்தட்டினர் ஏழைகளைக் கட்டுப்படுத்தத் திணித்த விலங்குகள் என்ற விளக்கத்தை ஹிம்மல்ஃபார்ப் ஏற்கவில்லை. அவை ஏழைகள் தாமே அணிந்த கவசம் என்றார். தேவாலயத்துக்குப் போவதையும் சேமிப்புச் சங்கத்துக்குச் சந்தா கட்டுவதையும் வாசற்படியைக் கழுவி வைப்பதையும் ஒரு தொழிலாளர் குடும்பம் பெருமையாகக் கருதியிருந்தால், அந்தப் பெருமையை வரலாற்றாசிரியர் பறித்துக்கொண்டு ‘உனக்குத் தெரியாமலே நீ ஏமாற்றப்பட்டாய்’ என்று சொல்ல உரிமை இல்லை என்பது அவருடைய நிலைப்பாடு. இதே ஸ்மித்தை முன்வைத்துத்தான் 1999இல் அமெரிக்கா இரண்டு பண்பாடுகளாகப் பிளந்துவிட்டது என்ற நூலையும் எழுதினார்; 1960களில் தளர்வான ஒழுக்கம் மேல்தட்டிலிருந்து எல்லோருக்கும் இறங்கியது, அதன் விலையை ஏழைகளே கொடுத்தார்கள் என்பது அதன் சாரம்.

1995இல் வந்த அவருடைய நூல் இதைவிடப் புகழ்பெற்றது. 1983இல் பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரைப் பேட்டி கண்டவர், நீங்கள் சொல்வதெல்லாம் விக்டோரிய விழுமியங்கள் அல்லவா என்று கேட்க, அவரும் ஆம் என்றார், தொடர் பரவிவிட்டது. விக்டோரியர்களிடம் விழுமியங்கள் இருக்கவில்லை, அவர்களிடம் இருந்தது அறம் என்று ஹிம்மல்ஃபார்ப் திருத்தினார். அறம் என்பது ஒன்று, அதை மீறினால் மீறியது மீறியதுதான். விழுமியங்கள் என்ற பன்மைச் சொல்லோ 1880களில் ஜெர்மன் தத்துவஞானி நீட்ஷே வேண்டுமென்றே புழக்கத்தில் விட்டது. பிறகு சமூகவியலாளர்கள் வழியாக எல்லோர் வாயிலும் புகுந்தது. என் விழுமியம் எனக்கு, உன் விழுமியம் உனக்கு என்று சொல்லலாம். என் அறம் எனக்கு, உன் அறம் உனக்கு என்று சொன்னால் காதில் ஒட்டவில்லை. தமிழில் எழுதுகிறவர்கள் இந்த வேறுபாட்டை ஒரு நொடியில் உணர்வார்கள், ஏனென்றால் ஒரு சொல் நமக்குப் பழையது, மற்றது அண்மைக் காலத்தில் கட்டுரைகளில் குடியேறியது.

அந்த நூலில் அவர் புள்ளிவிவரங்களையும் வைத்தார். இங்கிலாந்தில் திருமண உறவுக்கு வெளியே பிறந்த குழந்தைகள் 1845இல் 7 விழுக்காடு, நூற்றாண்டின் இறுதியில் சுமார் 4 விழுக்காடு, 1960இல் சுமார் 5, 1992இல் 30க்கும் மேல். எண்கள் சரி. ஆனால் பதிவேட்டில் ஏறிய பிறப்பு ஒரு வீட்டுக்குள் நடந்ததைச் சொல்லிவிடாது. கணவனின் அடியைத் தாங்கிக்கொண்டு வேறு போக்கிடம் இல்லாமல் இருந்த பெண்ணும் அந்தக் குறைந்த விழுக்காட்டின் நல்ல கணக்கில்தான் சேர்கிறாள். அவர் இதை அறியாதவர் அல்லர். அதற்குப் போதிய எடை கொடுக்கவில்லை என்பது என் குறை.

விக்டோரியர்கள் கபடதாரிகள் என்ற பழிக்கு அவர் தரும் பதில் இதைவிட நுட்பமானது. நான்கு முறை பிரதமராக இருந்த கிளாட்ஸ்டன் இரவில் லண்டன் தெருக்களில் நடந்து, விலைமகளிரிடம் பேசி, அவர்களை அத்தொழிலிலிருந்து மீட்க முயன்றார். அதில் தம் மனம் சஞ்சலப்பட்டதாகத் தோன்றிய நாட்களில் தம்மைத் தாமே சாட்டையால் அடித்துக்கொண்டு, நாட்குறிப்பில் சிறு சாட்டைக் குறியொன்றைப் போட்டுவைத்தார். ஜார்ஜ் எலியட், மணவிலக்குப் பெற முடியாத நிலையில் இருந்த எழுத்தாளர் லூயிஸோடு வாழ்ந்தார். தம்மைத் திருமதி லூயிஸ் என்றே அழைக்கச் சொன்னார். நெறியை மீறியவர்கள் நெறியே பொய் என்று சொல்லவில்லை, மீறலின் சுமையைத் தாங்களே தூக்கினார்கள் என்கிறார் ஹிம்மல்ஃபார்ப். இந்தப் பக்கங்களில் அவர் மனிதர்களை எவ்வளவு நெருங்கி நின்று பார்க்கிறார் என்பது தெரியும்.

வரலாறு எழுதும் முறை பற்றி அவர் நடத்திய சண்டையும் இதன் தொடர்ச்சியே. 1965 முதல் 1988 வரை நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். அதற்கு முன் சுமார் 15 ஆண்டுகள் எந்தப் பதவியும் இல்லாமல், இரண்டு குழந்தைகளை வளர்த்துக்கொண்டு நூல்கள் எழுதினார். அந்தக் காலத்தில் வரலாற்றுத் துறை அரசர்களையும் நாடாளுமன்றங்களையும் விட்டுச் சாதாரண மக்களின் அன்றாட வாழ்வு, குடும்பம், உணவு, உடல் ஆகியவற்றுக்குத் திரும்பியது. அவருடைய எதிர்ப்பு அந்தப் பாடங்களுக்கு அன்று; அரசியலையும் சிந்தனையையும் மேற்பூச்சாகக் கருதி ஒதுக்கும் தலைக்கனத்துக்கு. மனிதன் அரசியல் உயிரி என்று அரிஸ்டாட்டில் சொன்னதை மறந்து அவனை உண்டு உறங்கும் உயிரியாக மட்டும் எழுதுவது அவனைத் தாழ்த்துவது என்றார். 1991இல் அமெரிக்க அரசின் ஜெஃபர்சன் சொற்பொழிவை ஆற்றியபோது ஜெர்மன் தத்துவஞானி ஹெகலின் கூற்றை எடுத்தாண்டார்: வேலைக்காரனுக்குத் தன் எஜமான் வீரனாகத் தெரியாததற்குக் காரணம், எஜமான் வீரன் அல்லன் என்பதன்று, பார்ப்பவன் வேலைக்காரன் என்பதே. அந்த உவமை எனக்கு உவப்பில்லை. காலணியைக் கழற்றிவிடுகிறவன் காணும் உண்மையும் உண்மைதான். ஆனால் பெரிய செயல்களைச் சிறிய நோக்கங்களாகக் கரைத்துவிடும் பழக்கத்தைப் பற்றிய அவருடைய எச்சரிக்கை இடதுக்கும் வலதுக்கும் ஒன்றுபோலப் பொருந்தும். அடிக்குறிப்புகள் மறைந்துவருவதைக் கண்டித்து அவர் எழுதிய சிறு கட்டுரையையும் இத்தோடு சேர்க்க வேண்டும். அடிக்குறிப்பு, எழுதுபவர் வாசகருக்குக் கொடுக்கும் நாணயச் சீட்டு என்ற உணர்வோடு எழுதப்பட்டது அது.

18ஆம் நூற்றாண்டு அறிவொளி இயக்கத்தைப் பற்றி 2004இல் வந்த நூலில், அந்த இயக்கத்தை பாரிஸிடமிருந்து மீட்க முயன்றார். பிரான்ஸ் பகுத்தறிவைக் கொண்டாடியது. பிரிட்டன் மனிதரின் இயல்பான அற உணர்வையும் பரிவையும் கொண்டாடியது. அமெரிக்கா சுதந்திரத்தைக் கொண்டாடியது என்று பிரித்தார். ஷாஃப்ட்ஸ்பரி, ஹட்சிசன், ஹியூம், ஸ்மித் ஆகியோரோடு மெதடிச இயக்கத்தின் ஜான் வெஸ்லியையும் அறிவொளியில் சேர்த்தது துணிச்சலான செயல். பகுப்பு அளவுக்கு மீறி நேர்த்தியாக இருக்கிறது, பிரெஞ்சுக்காரரான மொன்டெஸ்கியூ போன்றவர்கள் அதில் அடங்க மறுக்கிறார்கள். இடதுசார்புள்ள தொழிற்கட்சியின் பிரதமராக இருந்த கார்டன் பிரவுன் இந்நூலின் பிரிட்டிஷ் பதிப்புக்கு முன்னுரை எழுதினார் என்பதை, அவரை ஒரு கட்சிக்காரராக மட்டும் பார்ப்பவர்கள் நினைவில் கொள்ளலாம்.

அவர் தோற்ற இடங்களையும் மறைக்கக் கூடாது. டார்வினைப் பற்றிய 1959ஆம் ஆண்டு நூல் விக்டோரிய மனங்களைப் பற்றிப் பேசும்போது சிறக்கிறது, இயற்கைத் தேர்வின் தர்க்கத்தைக் குறைகூறும்போது தடுமாறுகிறது. உயிரியலாளர்கள் அதைக் கண்டித்தது நியாயம். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பூத்தின் லண்டனுக்குச் சில ஆண்டுகள் முன்னே, 1876 முதல் 1878 வரை, அதே அரசியின் ஆட்சியில் சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம் நடந்தது. நிவாரண வேலை செய்பவருக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறு காசும் போதும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் அளவைக் குறைத்தார். அது உடலைத் தாங்காது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார். ஏழையர் சட்டத்தின் கணக்கும் அதை எதிர்த்த மனச்சாட்சியும் கப்பலேறி இங்கே வந்து மோதின. அறக் கற்பனையைப் பற்றி இவ்வளவு எழுதியவர், அந்தக் கற்பனை எந்த எல்லையோடு நின்றுபோயிற்று என்பதை ஆராயவில்லை. ஏழைகளைப் பற்றிய அவருடைய நூல்கள் இங்கிலாந்தை மட்டுமே பேசுகின்றன என்பது சமாதானம்தான். ஆனால் விக்டோரியர்களின் அறத்தை முழுதாக மதிப்பிட அவர் முன்வந்தபோது இந்தக் கணக்கும் சேர்ந்திருக்க வேண்டும்.

முதுமையில் அவர் ஜார்ஜ் எலியட்டிடமே திரும்பினார். எலியட்டின் கடைசி நாவல் 1876இல் வந்தது. யூதருக்கு ஒரு தாயகம் வேண்டும் என்ற எண்ணத்தை, யூதத் தாயக இயக்கத்தை நிறுவிய ஹெர்சலின் சிறுநூலுக்கு 20 ஆண்டுகள் முன்பே, யூதரல்லாத ஓர் ஆங்கிலேயப் பெண் எப்படிக் கருதினார் என்று 2009இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். 2011இல், இங்கிலாந்தில் யூதரை மதித்தவர்களின் வரலாற்றை எழுதினார். யூதர் வரலாறு துன்பத்தின் வரலாறாக மட்டும் எழுதப்படுவது அவருக்குப் போதவில்லை. புரூக்ளினில் எபிரேயம் படித்த இளம்பெண்ணும் விக்டோரியர்களைப் படித்த பேராசிரியரும் அங்கே ஒன்றாகிறார்கள். 2019 டிசம்பர் 30 அன்று வாஷிங்டனில், 97ஆம் வயதில் காலமானார்.

எங்கே தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். 1995ஆம் ஆண்டு நூலில் தொடங்க வேண்டாம். அது விவாதத்துக்காக எழுதப்பட்டது, அதைப் படித்தால் அவருடைய எதிராளியாகவோ ஆதரவாளராகவோ மட்டும் ஆவீர்கள். பெந்தம் கட்டுரையை முதலில் படியுங்கள். பிறகு 1991ஆம் ஆண்டு வறுமை நூலில் பூத்தைப் பற்றிய பகுதிக்குப் போங்கள். பூத்தின் வரைபடங்கள் லண்டன் பொருளாதாரப் பள்ளியின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கிழக்கு லண்டனின் வைட்சேப்பல் பகுதியைப் பெரிதாக்கித் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள். பெருந்தெருவின் ஓரத்தில் கடைக்காரர்களின் சிவப்பு ஓடும். அதன் பின்னால் சில சந்துகள் தள்ளிக் கருநீலமும் கருப்பும் தெரியும். இடையிலே ஊதாவும் இளஞ்சிவப்புமாகத் தெருக்கள் இருக்கும். ஹிம்மல்ஃபார்ப் தம் வாழ்நாளில் பெரும்பகுதியை அந்த ஊதா, இளஞ்சிவப்புத் தெருக்களில் குடியிருந்தவர்களுக்காகத்தான் எழுதினார்.